ஊடுபயிராகப் பயறு போட்டும் பலன் தெரியவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சோளத்துக்கு நடுவே காராமணி, மரவள்ளிக்கு நடுவே நிலக்கடலை, டுரியான் கன்றுகளுக்கு நடுவே கொடிப்பயறு. பினாங்கில் பாலிக் பூலாவிலும் செபராங் பிறையிலும், கோலாலம்பூரில் அடுக்குமாடிகளை ஒட்டிய சமூகத் தோட்டங்களிலும் இப்படி விதைப்பவர்கள் நிறையப் பேர். பயறு மண்ணுக்கு உரம் சேர்க்கும், களையை அடக்கும், மொத்த விளைச்சலைக் கூட்டும் என்ற நம்பிக்கையில்தான் தொடங்குகிறார்கள். நம்பிக்கை சரியானதுதான். ஆனால் பயறை விதைத்தாலே இவை மூன்றும் வந்து சேர்ந்துவிடாது. வேரில் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு வேலை செய்கிறதா, அது காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்து (நைட்ரஜன்) எங்கே போகிறது, முதல் ஐந்து வாரம் வெயில் யாருக்குக் கிடைக்கிறது என்ற மூன்று கேள்விகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றில்தான் போய் முடியும்.

இங்கே சோளம் என்று எழுதுவது ஜாகோங்கை. தமிழ்நாட்டு வாசகர்கள் மக்காச்சோளம் என்று படித்துக்கொள்ளவும்.

முதல் வேலை: தோண்டிப் பாருங்கள்

இலையை மட்டும் பார்த்து உரம் வாங்கப் போக வேண்டாம். விதைத்து 30 முதல் 35 நாளில், பூ எடுக்கும் சமயத்தில், பாத்தியின் வெவ்வேறு இடங்களில் ஐந்து செடிகளைத் தேர்ந்தெடுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். அதனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, 20 செ.மீ. ஆழத்து மண்ணோடு கட்டியாகத் தூக்குங்கள். வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டால் மண் தானாகக் கரையும். பிறகு மெதுவாக அலசி, நான்கைந்து முடிச்சுகளை நகத்தால் பிளந்து பாருங்கள்.

உள்ளே இளஞ்சிவப்பாகவோ இரத்தச் சிவப்பாகவோ இருந்தால் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு சிவப்புப் பொருள்தான் அங்கே ஆக்சிஜனை அளவோடு கொடுத்து பாக்டீரியாவைக் காக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது வந்து குடியேறிய பாக்டீரியா உதவாத இனம். பச்சையோ சாம்பல் நிறமோ ஆகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. காய் முற்றும்போது அப்படி ஆவது இயல்பு. பூக்கும்போதே அப்படி இருந்தால் கோளாறு. ஆணிவேரின் மேல்பகுதியில் பெரிதாகத் திரண்ட சிவப்பு முடிச்சு பத்து இருந்தாலும், பக்கவேர் நுனிகளில் தூவியதுபோல் கிடக்கும் ஐம்பது வெள்ளைப் பொட்டுகளைவிட மேல்.

இந்தச் சோதனைக்கு அரை மணி நேரமும் ஒரு வாளியும் போதும். இதைச் செய்யாமல் கீழே எதையும் செய்யாதீர்கள்.

அறிகுறி: பயறே மஞ்சளாக நிற்கிறது, முடிச்சு இல்லை அல்லது வெள்ளையாக இருக்கிறது

எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். அடி இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை, கீழே படியுங்கள். நுனி இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. கோலாலம்பூரில் கட்டுமானக் கழிவு கொட்டி மேடாக்கிய நிலங்களில் இது சகஜம். கான்கிரீட், சிமென்ட் தூள் கலந்த மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 7ஐத் தாண்டிவிடும். "மலேசிய மண் புளிப்பு மண்" என்று கேள்விப்பட்டு அங்கே சுண்ணாம்பு போட்டால் செடி இன்னும் மோசமாகும். அந்த இடத்தில் மட்கிய எருவும் இலைச்சருகும்தான் மருந்து. மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, இலை சுருங்கி, குருத்தில் கறுப்பு அசுவினி மொய்த்தால் அது நச்சுயிரி நோய். செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதைத் தவிர வழியில்லை.

முளைத்த முதல் நான்கு வாரத்துக்குள் மஞ்சளாகி வாடினால், மண்ணை ஒட்டிய தண்டைக் கத்தியால் நீளவாக்கில் கீறுங்கள். தண்டு தடித்து வெடித்து, உள்ளே சிறு வெள்ளைப் புழுவோ பழுப்புக் கூண்டோ இருந்தால் அது அவரை ஈயின் வேலை. தண்டைச் சுற்றி மண் அணைத்தால் புண்ணுக்கு மேலிருந்து புது வேர் விட்டுச் சில செடிகள் பிழைக்கும். அடுத்த விதைப்பில் பாத்தியை முதல் மூன்று வாரம் மெல்லிய வலையால் மூடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் காரணம் மண்ணில்தான். இங்கு அதிகம் தவறுவது நான்கு இடங்களில்.

முதலாவது புளிப்பு. பினாங்குத் தீவின் கருங்கல் சிதைந்த சரிவு மண்ணும், சிலாங்கூர் மேட்டுச் செம்மண்ணும் பெரும்பாலும் பி.எச். 4க்கும் 5க்கும் இடையில் கிடக்கும். அந்த நிலையில் மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். வேர்மயிர் வளராததால் பாக்டீரியா நுழைய வாசலே இருக்காது. முடிச்சுக்குத் தேவையான மாலிப்டினமும் புளிப்பில் பூட்டிக்கொள்ளும். 5.5ஐத் தாண்டினால் அலுமினியத் தொல்லை ஏறக்குறைய அடங்கிவிடும். பயறுக்கு 5.5 முதல் 6.5 வரை போதும். 7க்கு இழுக்கத் தேவையில்லை.

டோலமைட் சுண்ணாம்புத் தூளைக் களிமண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம், மணல்பாங்கான மண்ணுக்கு 50 முதல் 100 கிராம் தூவி, 15 செ.மீ. ஆழம் கொத்திக் கலந்து, இரண்டு முதல் நான்கு வாரம் ஈரத்தோடு விட்டுவிடுங்கள். பழைய வெள்ளீயச் சுரங்க மணலில் கையை அடக்கிக்கொள்ளுங்கள். அந்த மணலுக்குத் தாங்கும் சக்தி இல்லை. கொஞ்சம் கூடினாலே பி.எச். ஏறி துத்தநாகமும் மாங்கனீசும் கிடைக்காமல் போகும். செபராங் பிறையின் கடலோரத் தாழ்நிலங்களில் வேறு எச்சரிக்கை ஒன்று உண்டு. சாம்பல்நிறக் களிமண்ணில் வைக்கோல் மஞ்சளாகப் புள்ளிகள் தெரிந்தால் அது கந்தக அமில மண். பாத்தியை உயர்த்தவென்று அந்த அடிமண்ணை வெட்டி மேலே போடவே கூடாது. காற்றுப்பட்டால் அதன் பி.எச். 3.5க்கும் கீழே இறங்கும். மேடு கட்ட மேல்மண்ணையும் எருவையும் மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது மணிச்சத்து (பாஸ்பரஸ்). முடிச்சுக்குப் பசி அதிகம். மணிச்சத்து குறைந்தால் அது வளராது. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் பரவலாகத் தூவினால் வீண். டிரிபிள் சூப்பர் பாஸ்பேட்டைச் சதுர மீட்டருக்கு 13 கிராம் கணக்கில் எடுத்து, விதை வரிசைக்குப் பக்கத்தில் 5 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. ஆழத்தில் கோடாகப் போடுங்கள். பாறைப் பாஸ்பேட் மலிவுதான், ஆனால் அது கரையப் புளிப்பு வேண்டும். சுண்ணாம்பையும் பாறைப் பாஸ்பேட்டையும் ஒன்றாகக் கலந்து போடுவது இரண்டு கைப் பணத்தையும் ஒரே குழியில் புதைப்பதற்குச் சமம். பாறைப் பாஸ்பேட் போடுவதானால் முதலில் அதைப் போட்டு, இரண்டு மாதம் கழித்துச் சுண்ணாம்பு.

மூன்றாவது கோழி எரு. சமூகத் தோட்டங்களில் நடக்கும் தவறுகளில் இதுதான் பெரியது. கடையில் வாங்கும் எருவில் தழைச்சத்து சுமார் 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், சதுர மீட்டருக்கு ஒரு கிலோ போட்டால் 20 கிராம். ஹெக்டேர் கணக்கில் அது 200 கிலோ. சோறு தட்டில் இருக்கும்போது பயறு எதற்கு அடுப்பு மூட்டும்? செடி கரும்பச்சையாக நெடுநெடுவென வளரும், முடிச்சு வராது, பூவும் தாமதிக்கும். எருவைச் சோள வரிசையில் மட்டும் குழியில் வையுங்கள். பயறு வரிசைக்கு மட்கிய இலைக் குப்பை போதும்.

நான்காவது பாக்டீரியா. காராமணி, பயத்தங்காய், பச்சைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றுக்கு ஏற்ற இனம் நம் மண்ணில் பெரும்பாலும் இருக்கும். சோயாவுக்குத் தனி இனம் வேண்டும். அதைப் புது நிலத்தில் விதைத்தால் ரைசோபியம் தூள் இல்லாமல் முடிச்சை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கிலோ விதைக்குச் சுமார் 25 கிராம் தூள், இரண்டு மூன்று கரண்டி ஆறிய வடிகஞ்சி. விதைமேல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்று மாலையே விதைத்து மண்ணால் மூடுங்கள். வெயில் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். ரோஜா நிறமோ நீல நிறமோ பூசி வரும் கடை விதைகளில் பூஞ்சைக்கொல்லி இருக்கும். அதன்மேல் தூள் பூசிப் பயனில்லை. தூளை மட்கிய எருவில் கலந்து விதைக்கோட்டில் இடுங்கள். தூள் கிடைக்காத இடத்தில், நல்ல முடிச்சு கண்ட பழைய பயறுப் பாத்தியிலிருந்து கைப்பிடி மண்ணை ஒவ்வொரு மீட்டர் வரிசைக்கும் போடலாம். அந்தப் பாத்தியில் வேரை வீங்கவைக்கும் நூற்புழு இல்லை என்று வேரைப் பார்த்து உறுதி செய்த பிறகு மட்டும்.

நீர் தேங்குவதும் முடிச்சைக் கொல்லும், ஏனென்றால் அதற்குக் காற்று வேண்டும். கோலாலம்பூரின் மாலை மழை இரண்டு மணி நேரத்தில் வடியாவிட்டால் பாத்தியை 25 செ.மீ. உயர்த்துங்கள். மண்ணில் தவறே இல்லாமல் பீன்ஸ் மட்டும் மஞ்சளாக இருந்தால் கவலைப்படாதீர்கள். பசாரில் கச்சாங் புஞ்சிஸ் என்று விற்கும் அந்த வகை இயல்பாகவே தழைச்சத்துப் பிடிப்பதில் சோம்பேறி. மண்ணைத் தேற்ற நினைத்தால் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அறிகுறி: முடிச்சு நிறைய இருக்கிறது, செடி மட்டும் வாடுகிறது

அது முடிச்சாகவே இல்லாமல் இருக்கலாம். விரலால் தேய்த்துப் பாருங்கள். உண்மையான முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிய மணி; தேய்த்தால் கழன்று வரும். நூற்புழுக் கட்டி வேரே வீங்கியது; கழலாது, அறுத்தால் உள்ளே சிவப்பு இருக்காது. காராமணி, பயத்தங்காய், வெண்டை, கத்தரி எல்லாம் இந்தப் புழுவுக்கு விருந்து. வெண்டைக்கு ஊடுபயிராகப் பயத்தங்காய் வைத்து, அடுத்த போகம் கத்தரி வைத்தால் புழுவை மூன்று முறை ஊட்டி வளர்த்ததாகிறது. அந்த இடத்தில் இரண்டு மாதம் சணப்பை விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுங்கள். அல்லது நிலக்கடலை வையுங்கள். இங்குப் பரவலாக உள்ள வேர்முடிச்சு நூற்புழு வகை நிலக்கடலையில் பெருகுவதில்லை.

அறிகுறி: பயறு செழிப்பாக இருக்கிறது, பக்கத்துச் சோளம் வெளுத்துக் கிடக்கிறது

இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பயறு தான் பிடித்த தழைச்சத்தைப் பக்கத்துச் செடிக்கு உடனே ஊட்டுவதில்லை. உயிரோடு இருக்கும் காலத்தில் வேர்வழியாகக் கசிவது சிறிதளவுதான். பயறு இலை உதிர்ந்து, வேர் அழுகி, தண்டு மட்கிய பிறகே அது மண்ணுக்கு வரும். ஆகவே பலன் பெரும்பாலும் அடுத்த பயிருக்கு. இந்தப் போகத்துச் சோளத்துக்கு நீங்கள்தான் சோறு போட வேண்டும்.

இனிப்புச் சோளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிராம் தழைச்சத்து தேவை. அதாவது 26 கிராம் யூரியா. பாதியை விதைத்த மூன்றாவது வாரமும் மீதியை ஐந்தாவது வாரமும், பயறு இல்லாத பக்கமாக, 5 செ.மீ. ஆழத்தில் கோடு கீறிப் போட்டு மூடுங்கள். மேலே தூவி விட்டால் ஆவியாகும். அண்மையில் சுண்ணாம்பு போட்ட மண்மேல் தூவினால் இன்னும் வேகமாக ஆவியாகும்.

அடுத்த போகத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று வீட்டுத் தராசிலேயே கணக்கிடலாம். பூக்கும் நேரத்தில் ஒரு சதுர மீட்டர் பயறுத் தழையை அறுத்து நிறுங்கள். இரண்டு கிலோ இருந்தால் காய்ந்த எடை சுமார் 400 கிராம். நன்றாக முடிச்சுவிட்ட பயறு ஒரு கிலோ காய்ந்த தழைக்கு ஏறக்குறைய 20 கிராம் தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்திருக்கும். ஆக 8 கிராம். 17 கிராம் யூரியாவுக்கு ஈடு. இது நல்ல வரவு. ஆனால் செலவையும் பாருங்கள். காய்ந்த காராமணி விதை ஒரு கிலோ பறித்தால் அதோடு 35 கிராமுக்கு மேல் வெளியேறுகிறது. பச்சைப் பயத்தங்காய் ஒரு கிலோ கொண்டுபோவது 4 அல்லது 5 கிராம்தான். பயற்றை முற்றவிட்டு விதை எடுத்து, செடியையும் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டால் மண்ணுக்கு மிச்சம் எதுவும் இல்லை, சில வேளை நட்டம்கூட. மண்ணைத் தேற்றுவதுதான் நோக்கம் என்றால் பச்சைக்காயாகப் பறியுங்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடியை மண்மட்டத்தில் அறுங்கள், பிடுங்காதீர்கள். வேரும் முடிச்சும் மண்ணிலேயே இருக்கட்டும், தழை பாத்திமேல் பரப்பப்படட்டும்.

அறிகுறி: சோளம் ஓங்கி நிற்கிறது, பயறில் இலை உண்டு, காய் இல்லை

நிழல்தான். சோளத்தை 75 செ.மீ. வரிசைக்கு ஒன்றாக வைத்து நடுவே ஒரு வரிசை பயறு நுழைத்தால் ஆறாவது வாரம் பயறு இருட்டில் நிற்கும். இங்கே ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரம்தான்; கோடைக்கால நீண்ட பகல் என்று ஈடுகட்ட ஒன்றும் கிடையாது.

சோளத்தை ஜோடி வரிசையாக்குங்கள். இரண்டு சோள வரிசைக்கு இடையே 45 செ.மீ., அடுத்த ஜோடிக்கு 105 செ.மீ., வரிசைக்குள் செடிக்குச் செடி 25 செ.மீ. சோளச் செடியின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறைவதில்லை, ஆனால் நடுவே அகலமான வெயில் தெரு திறக்கிறது. அந்த 105 செ.மீ.இல் இரண்டு வரிசை காராமணி: சோளத்திலிருந்து 35, தமக்குள் 35. செடிக்குச் செடி 15 செ.மீ. சோளத்தையும் பயறையும் ஒரே நாளில் விதையுங்கள். பயறை மூன்று வாரம் தள்ளினால் சோளம் அதை எழவே விடாது.

எதிர்த் திசையிலும் பிழை வரும். பயறு அதிகமாகிச் சோளத்தின் கதிர் சிறுத்தால், பெரும்பாலும் அது தண்ணீர்ப் போட்டி. பினாங்கில் பொங்கலுக்குப் பிறகு தைப்பூசத்தை ஒட்டி வரும் உலர்ந்த வாரங்களில் பூக்கும்படி சோளம் விதைத்தால் இரண்டும் ஒரே ஈரத்துக்குச் சண்டை போடும். அந்த வாரங்களில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீர் கொடுங்கள், இல்லையென்றால் பயறு வரிசையை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள்.

அறிகுறி: பயறு போட்டும் களை குறையவில்லை

பழைய ரப்பர் தோட்டங்களின் பாடம் இங்கே உதவும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் பால்மரக் காடுகளில் தரையில் ஒரு புல்கூட இல்லாதபடி களையெடுப்பதே வழக்கமாக இருந்தது. அந்த வேலையில் முதுகு ஒடிந்தவர்கள் பெரும்பாலும் நம் தோட்டத் தொழிலாளர்கள். களை போயிற்று, கூடவே மழையில் மேல்மண்ணும் போயிற்று. பிறகுதான் பியூரேரியா, கலபகோனியம், சென்ட்ரோசீமா போன்ற கொடிப்பயறுகள் வரிசைகளுக்கு நடுவே வந்தன. செம்பனைத் தோட்டங்களில் இவை ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ அளவுக்குத் தழைச்சத்துப் பிடித்ததை அளந்திருக்கிறார்கள். லாலாங் புல்லையும் அடக்கின. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். கொடி மூடும் வரை அங்கேயும் ஆள் இறங்கிக் களை எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பயறு களையைக் கொல்வதில்லை. தரையை மூடி வெயிலை மறைப்பதால் புதுக் களை எழுவதில்லை, அவ்வளவே. மூடுவதற்கு ஐந்து வாரம் ஆகும். அந்த ஐந்து வாரத்தை நீங்கள் காக்க வேண்டும்: 12ஆம் நாள் ஒரு முறை, 25ஆம் நாள் ஒரு முறை கொத்துங்கள். முதல் கொத்தைத் தவறவிட்டால் அந்தப் போகம் முழுவதும் களையின் கைதான் ஓங்கும். பயறு வரிசைகளில் முளைக்காத இடைவெளி இருந்தால் பத்து நாளுக்குள் மறுவிதை போடுங்கள்; களை குடியேறுவது அந்த ஓட்டைகளில்தான்.

எந்தக் களை என்பதும் முக்கியம். விதையில் வரும் சிறு களைகள் நிழலுக்கு எளிதில் பணியும். கோரை அப்படியில்லை. கிழங்கிலிருந்து எழும், பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வரும். தழை மூடாக்கு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அது வெயில் விரும்பி. பயறு விதைக்கும் முன்பே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என மூன்று தடவை கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, பிறகு அடர்த்தியாக மூடும் காராமணியை விதைத்தால் எஞ்சியது மெலியும். லாலாங்கையும் வேர்த்தண்டைத் தோண்டாமல் மேலே வெட்டிவிட்டுப் பயறு விதைத்தால் மீண்டும் ஊசியாகக் குத்திக்கொண்டு வரும்.

களைக்கொல்லி அடித்த நிலமா என்பதையும் விசாரியுங்கள். சோளத்துக்கு அட்ராசின் அடித்திருந்தால் பயறு முளைக்கும், பிறகு இலை ஓரத்திலிருந்து காய்ந்து சாகும். 2,4-டி அகல இலைச் செடியைத் தாக்கும் மருந்து. பக்கத்துப் பாத்தியில் தெளித்த சாரல் பட்டாலே பயறின் குருத்து முறுக்கிக்கொள்ளும். ஊடுபயிர் வைத்தால் கைக்களைதான், வேறு குறுக்குவழி இல்லை.

அறிகுறி: கொடி பக்கத்துச் செடியை இழுத்துச் சாய்க்கிறது

பயத்தங்காய் இரண்டு மீட்டருக்கும் மேல் ஏறும் கொடி. சோளத்தண்டு தாங்கும் என்று ஏற்றிவிட்டால், விடியற்காலையில் வீசும் சுமத்ரா காற்று ஒன்றே போதும், வரிசையோடு படுத்துவிடும். ஊடுபயிருக்குக் குத்துச்செடிக் காராமணி எடுங்கள். பயத்தங்காய்தான் வேண்டுமென்றால் பாத்தி ஓரத்தில் தனிக் கம்பு நட்டுங்கள்.

டுரியான், ரம்புத்தான் கன்றுகளுக்கு நடுவே பியூரேரியா அல்லது முக்குனா விட்டிருந்தால், அடியைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தைச் சுத்தமாக வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடிமுனையைத் திருப்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மாதம் பார்க்காமல் விட்டால் கன்றே தெரியாது. அடிக்கடி போக முடியாத சரிவு நிலத்துக்குத் தரையோடு படரும் கச்சாங் ஹியாஸ் நல்லது. மஞ்சள் பூப் பூக்கும், மரம் ஏறாது, நிழல் தாங்கும். தண்டுத் துண்டுகளை 25 செ.மீ. இடைவெளியில் மழை தொடங்கும்போது நட்டு, முதல் மூன்று மாதம் களை எடுங்கள்.

அறிகுறி: பயறை மடக்கிவிட்டு நட்ட அடுத்த பயிர் தேறவில்லை

நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். பச்சைத் தழை புதைந்ததும் அழுகல் பூஞ்சைகள் பெருகும். இரண்டு மூன்று வாரம் பொறுத்து நடுங்கள். அதற்கும் மேல் பாத்தியைக் காலியாக விடாதீர்கள். நம் வெப்பத்தில் பயறுத் தழை வேகமாக மட்கும், வெளிவரும் தழைச்சத்தைத் தீபாவளி மழை அடிமண்ணுக்குக் கழுவிக்கொண்டு போய்விடும்.

நாற்று சாகாமல் மஞ்சளாக மட்டும் நின்றால், பயறோடு சோளத்தட்டையையும் வெட்டிப் புதைத்திருப்பீர்கள். தட்டையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயறு கொடுத்ததையும் சேர்த்துத் தின்றுவிடும். பயறுத் தழையைப் புதையுங்கள். தட்டையை மேலே மூடாக்காகப் போடுங்கள்.

அறிகுறி: நிலக்கடலையில் பொக்கு

ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. காய்க்கு வேண்டிய கால்சியம் வேரிலிருந்து மேலே போய்த் திரும்பி வராது. மண்ணுக்குள் இருக்கும் காய் தானே நேரடியாக உறிஞ்ச வேண்டும். பூக்கும்போது செடியைச் சுற்றி ஜிப்சம் சதுர மீட்டருக்கு 20 முதல் 40 கிராம் தூவுங்கள். விழுது மண்ணில் இறங்கிய பிறகு, அதாவது 40 நாளுக்கு மேல், மண்வெட்டியோடு உள்ளே போகாதீர்கள்.

மொத்த விளைச்சல் கூடியதா குறைந்ததா?

சோளம் குறைந்துவிட்டது என்று ஊடுபயிரைக் கைவிடும் முன் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று பாத்தி, ஒவ்வொன்றும் 10 சதுர மீட்டர்: தனிச் சோளம், தனிக் காராமணி, கலப்பு. எடுத்துக்காட்டாக, தனிச் சோளம் 10 கிலோ, தனிக் காராமணி 6 கிலோ, கலப்பில் சோளம் 8, காராமணி 3 என்று வைத்துக்கொள்வோம். 8ஐ 10ஆல் வகுத்தால் 0.8; 3ஐ 6ஆல் வகுத்தால் 0.5, கூட்டினால் 1.3. கலப்பில் 10 சதுர மீட்டரில் எடுத்ததைத் தனித்தனியாக எடுக்க 13 சதுர மீட்டர் வேண்டும் என்று பொருள். கூட்டுத்தொகை 1க்குக் கீழே வந்தால் மட்டும் இடைவெளியையும் வரிசை எண்ணிக்கையையும் மாற்றுங்கள். மூன்றாவது பாத்தியை மட்டும் வைத்துக்கொண்டு நல்லது கெட்டது பேச முடியாது.

அறிகுறி: மூன்று நான்கு போகம் நன்றாக இருந்தது, இப்போது இரண்டு பயிருமே சோர்கிறது

முடிச்சு சிவப்பாக இருக்கிறது, பி.எச். சரி, ஆனால் அடி இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகுகிறது. சாம்பல் சத்து (பொட்டாசியம்) தீர்ந்துவிட்டது. பயறு காற்றிலிருந்து பிடிப்பது தழைச்சத்தை மட்டும். மற்றதெல்லாம் மண்ணிலிருந்து எடுத்ததுதான். ஒவ்வொரு கூடைக் காயும் ஒவ்வொரு கட்டுத் தட்டையும் பொட்டாசியத்தை வெளியே கொண்டுபோகிறது, மணலில் மழையும் கழுவுகிறது. தட்டையை வெளியே போடுவதை முதலில் நிறுத்துங்கள்; பயிரின் பொட்டாசியத்தில் பெரும்பங்கு தட்டையில்தான் இருக்கிறது. பிறகு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் சதுர மீட்டருக்கு 10 கிராம், சோளத்துக்கு யூரியா வைக்கும் அதே இரண்டு தவணையில் பாதிப்பாதியாகப் போடுங்கள். செம்பனை ஆலையின் வெற்றுக் குலை கிடைத்தால் ஓர் அடுக்கு பரப்பலாம், அதில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. விறகுச் சாம்பலானால் சதுர மீட்டருக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம்; அது சுண்ணாம்பு போலவும் வேலை செய்யும் என்பதால், அந்த ஆண்டுச் சுண்ணாம்பு அளவில் அதைக் கழித்துவிடுங்கள்.